சும்மா நிற்கையில் எரிகிற விளக்கு

முள் நாற்பத்தைந்தில் நிற்கிறது. நிற்கட்டும், இப்போது நிற்பதில் பெருமை ஒன்றுமில்லை, எஞ்சின் இன்னும் சூடாகவில்லை, ஆறிக் கிடந்த எஞ்சினில் ஆயில் கெட்டியாகத்தான் இருக்கும், எந்தக் கிழட்டு வண்டியும் முதல் பத்து நிமிஷத்துக்குத் தன்னை வாலிபனாகத்தான் காட்டிக்கொள்ளும். "சூடானப்புறம் பாருங்கக்கா, அப்பத்தான் நெசம் தெரியும்" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் சாகுல் கொட்டகையில் பக்கத்து வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். சரி, சூடாகட்டும். ஞாயிற்றுக்கிழமை, மலைக்கு ட்ரிப் கிடையாது, போடி ஊரே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் செருகிக் கிடக்கிறது, எனக்கு இந்த முள்ளைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். ஜீப் நின்ற இடத்திலேயே தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது, ஸ்டியரிங் என் உள்ளங்கையில் நடுங்குகிறது. எட்டு வருஷமாக இந்த நடுக்கம் என் கையில் இருக்கிறது, சோறு பிசையும்போதுகூட இருக்கிறது. எஞ்சினில் ஆயில் ஸ்விட்ச் இருந்த ஓட்டையில் சாகுல் ஒரு குழாயை மாட்டி, அதை உள்ளே இழுத்து, ஆயில் அழுத்தத்தைக் காட்டுகிற ஒரு வட்ட மீட்டரை என் கண்ணுக்கு நேராகக் கட்டியிருக்கிறான். அவனாகக் கட்டவில்லை. நான் கேட்டுக் கட்டினான். நேற்று முள் கிள் ஒன்றும் வைக்காமல், பானட்டைத் திறந்து தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் கேட்டான், ஒரே ஒரு நிமிஷம், பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "பேரிங் போயிருச்சுக்கா. எஞ்சினை இறக்கணும். இந்த வயசு வண்டிக்கு அவ்வளவு செலவு செய்யிறது வீண்" என்றான். பக்கத்தில் என் கொழுந்தன் பரமன் நின்றிருந்தான். நான் கூப்பிடவில்லை. எப்படியோ வந்து நின்றிருந்தான். "வயசாயிருச்சுல்ல மதினி" என்றான், கொஞ்சம் நிறுத்தி, "வண்டிக்கு" என்றான். அந்தக் கொஞ்சம் நிறுத்தியதை நான் கவனிக்காமல் இல்லை.

நாற்பது. இறங்க ஆரம்பித்துவிட்டது. வியாழக்கிழமைதான் முதலில் பார்த்தேன், மலைக்கு மேலே செக்போஸ்ட்டில் வரிசையில் நிற்கும்போது, பின்னால் ஏலக்காய்க் காட்டு வேலைக்குப் போகிற பதினோரு பெண்கள், மடியில் தூக்குச்சட்டிகள், யாரோ வெற்றிலை மடிக்கிற வாசனை. ஸ்பீடாமீட்டருக்குக் கீழே சிவப்பாக ஒன்று மினுங்கியது. முதலில் வெளியே ஏதோ வண்டியின் வெளிச்சம் கண்ணாடியில் படுகிறது என்றுதான் நினைத்தேன். இல்லை, ஆயில் விளக்கு. காலை லேசாக அழுத்தினேன், அணைந்தது. விட்டேன், எரிந்தது. அழுத்தினால் அணைகிறது, விட்டால் எரிகிறது. பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி வரும்போது எரியவில்லை, சும்மா நிற்கையில் எரிகிறது. ஏறும்போது எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, ஆயில் பம்பும் கூடவே வேகமாகச் சுற்றுகிறது, அதனால் அழுத்தம் கிடைத்துவிடுகிறது. நிற்கும்போது பம்ப் மெதுவாகச் சுற்றுகிறது, அழுத்தம் போதவில்லை, விளக்கு எரிகிறது. இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டியதில்லை. பின்னாலிருந்து காமுத்தாயக்கா, "என்ன ஒச்சம்மா, மொகத்தை ஒரு மாதிரி வச்சிருக்க?" என்று கேட்டது, கண்ணாடியில் என் முகம் தெரிந்திருக்கிறது. "ஒண்ணுமில்லக்கா, வெயிலு" என்றேன். காலை ஆறு மணிக்கு என்ன வெயில்? அவளும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் ஒரு கண்ணை விளக்கிலேயே வைத்துத் திருப்பினேன். ஆயில் அழுத்தம் ஒரேயடியாகப் போனால் எஞ்சின் இறுகிக்கொள்ளும். இறக்கத்தில் எஞ்சின் நின்றால் பிரேக் கல்லாகிவிடும், ஏறி நின்று மிதித்தாலும் பாதிதான் பிடிக்கும். பக்கத்தில் பள்ளம். காமுத்தாயக்காவின் தங்கை போன வண்டி அப்படித்தான் போனது, அது என் வண்டி இல்லை, அந்த வருஷம் நான் ஸ்டியரிங்கைத் தொட்டதுகூட இல்லை, பதினெட்டுப் பேரைத் திணித்துக்கொண்டு போன வண்டி அது. ஆனாலும் அந்த வளைவைத் தாண்டும்போதெல்லாம் காமுத்தாயக்கா பேச்சை நிறுத்திவிடும், தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எட்டு வருஷமாக அந்த ஒரு வளைவின் மௌனத்தை நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

முப்பத்தி ரெண்டு. பானட்டுக்கடியிலிருந்து சூடு காலுக்கு வருகிறது. வெள்ளிக்கிழமை அந்த விளக்கை எரிய வைக்கிற ஆயில் ஸ்விட்சை மாற்றினேன், நானே மாற்றினேன், ஒரு ஸ்பானர் வேலைதான், ஸ்விட்ச் பொய் சொல்கிறதோ என்று ஒரு ஆசை. புதுசும் அதையேதான் சொன்னது. அப்போதே இந்த முள்ளைக் கட்டிப் பார்த்திருக்க வேண்டும். பயம். பார்த்தால் தெரிந்துவிடும் என்கிற பயம். தெரிந்துவிட்டால் ஓட்டக் கூடாது, ஓட்டாவிட்டால் திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குப் பரமனின் புது வண்டி ஸ்டாண்டில் வந்து நிற்கும், என் பதினோரு பேரும் அதில் ஏறுவார்கள், ஏறாமல் என்ன செய்வார்கள், ஏலக்காய்க் காடு அவர்களுக்காகக் காத்திருக்குமா? ஒரு வாரம் ஏறினால் போதும், தோட்டத்துக் கங்காணி ட்ரிப்புக்குப் பரமன் பெயரை எழுதிக்கொள்வார். இதற்காகத்தான் அவன் ரெண்டு வருஷமாக என் வண்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான், மெக்கானிக்கைவிடக் கவனமாக. அவன் வண்டியில் பாட்டு உண்டு, டிவி உண்டு. நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்த மாட்டான். போன தையில் ரெண்டு நாள் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவன்தான் கூட்டிப் போனான், இறங்கும்போது ஒரு பிள்ளை, கல்யாணமாகி மூணு மாசம், நிறுத்தச் சொல்லி நிறுத்தச் சொல்லிக் கடைசியில் அழுதுகொண்டே சேலையோடு நனைந்து இறங்கியிருக்கிறது. ஆம்பளை டிரைவருக்கு அது சிரிப்பு. என் வண்டி பதினொன்றாவது வளைவுக்கு மேலே பாறை மறைவில் நிற்கும், யாரும் கேட்கத் தேவையில்லை, நானும் இறங்குவேன். இதுதான் என் வண்டியில் இருக்கிற சொகுசு. இதைச் சொன்னால் பரமனுக்குப் புரியாது. என் வீட்டுக்காரருக்கே புரியவில்லை. "பரமன் சொல்றதும் ஞாயமாத்தான இருக்கு" என்று நேற்று ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து வலது பாதத்தைக் கையால் தேய்த்துக்கொண்டே சொன்னார். தேய்ப்பது அவருக்குத் தெரியாது, சர்க்கரையில் அந்தப் பாதம் மரத்துப் போய்விட்டது, பிரேக்கில் கால் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது, அன்றைக்குச் சாவியைத் தூக்கி என் மடியில் போட்டவர், அதற்குப் பிறகு இந்த ஜீப்பின் பக்கம் வருவதில்லை. நான் ஓட்டுவதைப் பார்ப்பதும் இல்லை. "வித்துட்டா நிம்மதி, ஒச்சு" என்றார். யாருக்கு நிம்மதி? நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இருபத்தி நாலு. சத்தம் மாறுகிறதா? மாறவில்லை, என் காதுதான் மாறுகிறது, கேட்டுக்கொண்டே இருந்தால் எல்லாச் சத்தமும் கெட்ட சத்தம் ஆகிவிடும். இருபது. இறங்கு, இறங்கு, எதுவரை இறங்குகிறாய் பார்க்கிறேன். பத்து. அதுதான் கணக்கு. ஐடிலில், பெடலில் கால் வைக்காமல், நல்ல சூட்டில், பத்துக்கு மேலே நின்றால் ஓட்டலாம் என்று சாகுல் சொன்னான். பத்துக்குக் கீழே போனால் நாளைக்கு நான் மலையேற மாட்டேன். காமுத்தாயக்காவை ஏற்றிக்கொண்டு அந்த வளைவைத் தாண்ட மாட்டேன். நான் பிடிவாதக்காரிதான், பைத்தியக்காரி இல்லை. பதினாலு. காலை லேசாக வைத்தால் போதும், முள் முப்பதுக்கு எகிறும், சாகுல் வேனுக்கடியில் இருக்கிறான், யார் பார்க்கப் போகிறார்கள்? விளக்கை அணைப்பது அதைவிடச் சுலபம், அந்த வயரைப் பிடுங்கி விட்டால் ஜென்மத்துக்கும் எரியாது, ஸ்டாண்டில் ரெண்டு வண்டி அப்படித்தான் ஓடுகிறது. ஐடில் ஸ்குருவைக் கூட்டி வைத்தால் நிற்கும்போதும் எஞ்சின் வேகமாகச் சுற்றும், விளக்கு எரியாது, செக்போஸ்ட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரியாமல் இருக்க ஒரு வழி இருந்தால் சொல்லுங்கள். பன்னிரண்டு. பதினொன்று. நில். நில்லேன். ஒன்பது. ஏழு.

ஏழு. ஒரு தடவை தட்டிப் பார்க்கிறேன், மீட்டரின் கண்ணாடியை நகத்தால். ஏழுதான். சாகுலைக் கூப்பிட வேண்டும், கூப்பிட வாய் வரவில்லை. நேற்று ஒரு நிமிஷம் கேட்டுவிட்டுச் சொன்னது சரிதான் என்று ஆகிவிடும், பரமன் நிறுத்திச் சொன்னதும் சரிதான் என்று ஆகிவிடும். ஆகட்டுமே, முள் பொய் சொல்லாது. முள் ஏழு என்கிறது. ஏழு என்றால் ஏழு என்றுதான் அர்த்தம், பேரிங் என்று அர்த்தமில்லை. ஏன் ஏழு என்று முள் சொல்லவில்லை. பம்ப் தேய்ந்திருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம், ஆயில் குறைந்திருக்கலாம். ஆயில் குறையவில்லை. அது எனக்குத் தெரியும், ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பார்க்காமல் ஒரு நாளும் சாவி போட்டதில்லை, இன்று காலையிலும் பார்த்தேன், நிறைய இருக்கிறது, மேல்கோட்டுக்கும் மேலே இருக்கிறது. மேலே. மேலேயா? கடைசியாக எப்போது ஊற்றினேன்? சித்திரையில் ஊற்றவில்லை. பங்குனித் திருவிழாவுக்கு முன்னால் அரை லிட்டர் ஊற்றினேன், டப்பாவின் மூடி சாக்கடையில் விழுந்து அதை எடுக்கப் போய் வளையல் உடைந்தது, அதுதான் கடைசி. அதற்குப் பிறகு இல்லை. இது ஆயில் குடிக்கிற வண்டி. வாங்கின நாளிலிருந்து குடிக்கிறது, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அரை லிட்டர் கேட்கும், கொடுத்துப் பழகிவிட்டேன். ஒன்றரை மாசமாகக் கேட்கவே இல்லை. சந்தோஷப்பட்டேன். பாரேன், நம்ம வண்டி திருந்திருச்சு என்று காமுத்தாயக்காவிடம் சொல்லிச் சிரித்தேன்கூட. குடிக்கிற வண்டி குடிப்பதை நிறுத்தியது மட்டுமில்லை, குச்சியில் ஆயில் ஏறியிருக்கிறது. ஊற்றாமல் எப்படி ஏறும்? எங்கிருந்து ஏறும்? என்னடி ஒச்சம்மா, எங்கிருந்தடி ஏறும்?

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் ஒரு உதறலோடு நின்றது, நின்ற பிறகு கொட்டகையில் இருந்த அமைதி காதில் அறைந்தது. சாகுல் வேனுக்கடியிலிருந்து தலையை நீட்டினான். "எவ்வளவுக்கா?" பானட்டைத் தூக்கி நிறுத்தினேன், குச்சியை உருவினேன், கை சுட்டது, சுடட்டும். மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரல். விரல்களுக்கு நடுவில் தேய்த்தேன், வழுவழுப்பே இல்லை, ரசம் மாதிரி ஓடுகிறது. மோந்தேன். என் கையில், சேலையில், முடியில் டீசல் வாடை எப்போதும் உண்டு, என் மூக்கை நான் நம்ப முடியாது. கொட்டகைச் சுவரில் போன வருஷத்துக் காலண்டர் தொங்கியது, ஒரு தாளைக் கிழித்தேன், நடுவில் ஒரு சொட்டு விட்டேன். கறுப்பாக ஒரு பொட்டு. பார்த்துக்கொண்டே நின்றேன். பொட்டைச் சுற்றி வெளிறின ஈரம் ஒன்று மெதுவாக, வடை மடித்த தாளில் எண்ணெய் ஊறுகிற மாதிரி, பரவிக்கொண்டே போனது, அகலமாக, இன்னும் அகலமாக. கறுப்பு அங்கேயே நின்றது, ஈரம் மட்டும் தனியாக நடந்து போனது. ஆயில் இப்படி நடக்காது. சாகுல் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று தாளைப் பார்த்தான். வாங்கி மோந்தான். அவன் மூக்கும் என் மூக்கு மாதிரிதான் இருக்க வேண்டும், திரும்ப ஒரு தடவை மோந்தான்.

"டீசல்" என்றான்.

"ஆமா."

"ஆயில்ல டீசல் கலந்திருக்குக்கா."

"அதான் தண்ணியாப் போயிருக்கு. தண்ணியாப் போன ஆயிலுக்கு எங்க இருந்து அழுத்தம் வரும்? நீ பேரிங்குன்னு சொன்ன."

சாகுல் எஞ்சின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, டாங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கிற ஃபீட் பம்பைக் கழற்றினான். அது எஞ்சினின் உடம்போடு ஒட்டி இருக்கிற பம்ப், உள்ளே ஒரு ரப்பர் தகடு, அந்தப் பக்கம் டீசல், இந்தப் பக்கம் எஞ்சினின் வயிறு. தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரெண்டு கையாலும் விரித்தான். நகம் கீறின மாதிரி ஒரு வெடிப்பு, அரை அங்குலம் இருக்காது. அது வழியாக ஒன்றரை மாசமாகச் சொட்டுச் சொட்டாக. "சத்தத்தை மட்டும் கேட்டுட்டுச் சொல்லிட்டேங்க்கா" என்றான், தலையை நிமிர்த்தாமல். நல்லவன்தான் சாகுல், கை சுத்தம், ஆனால் நேற்று என் வண்டியைப் பார்க்குமுன்னே பழைய வண்டி என்று பார்த்துவிட்டான். என்னைப் பார்க்குமுன்னேயும் எதையோ பார்த்திருப்பான். "குச்சியைப் பாத்திருந்தா நீயும் கண்டுபிடிச்சிருப்ப" என்றேன். தினமும் குச்சியைப் பார்த்தவள் நான், எனக்கே நாலு நாள் ஆகியிருக்கிறது, ஏறியிருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவளும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை பூட்டின கடையை ஒரு ஆளை வீட்டிலிருந்து கிளப்பித் திறக்க வைத்து பம்புக்கு உள்சாமான் வாங்கி வந்தான், கெட்ட ஆயிலைக் கொட்டினோம், கொட்டும்போது அது கறுப்புத் தண்ணீராகச் சலசலத்தது, ஆயில் சலசலக்கிற சத்தத்தை இதற்கு முன் நான் கேட்டதில்லை. புது ஃபில்டர், புது ஆயில். கோடு வரைக்கும், அதற்கு மேல் ஒரு சொட்டு இல்லை.

மறுபடியும் நாற்பத்தைந்து. மறுபடியும் நான் நம்பவில்லை. சூடாகட்டும். பேரிங் நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னார்கள், ஒன்றரை மாசம் தண்ணி ஆயிலில் ஓடியிருக்கிறது, பதினேழு வளைவு ஏறி, பதினேழு வளைவு இறங்கி, உள்ளே என்ன தேய்ந்திருக்கும், எவ்வளவு தேய்ந்திருக்கும்? முப்பத்தி எட்டு. ஒரு வேளை இப்போதும் ஏழுக்கே வந்தால்? வந்தால் நாளைக்கு ஓட்ட மாட்டேன். ஆனால் விற்கவும் மாட்டேன், எஞ்சினை இறக்குவேன், இந்தக் கொட்டகையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பேரிங்காகக் கையில் வாங்கிப் பார்ப்பேன், பரமன் பெயரைக் கங்காணி எழுதிக்கொள்ளட்டும், எழுதினதை அழிக்க எனக்குத் தெரியும். முப்பது. வெளியே பைக் சத்தம். திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, பரமன் பைக், சைலன்சர் ஓட்டை. பின்னால் உட்கார்ந்து வந்தது என் வீட்டுக்காரர். இன்னொரு பைக்கில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர், முன்பின் பார்த்ததில்லை. "மதினி, இவரு தேனியில இருந்து வாராரு. பழைய வண்டி எடுக்கிறவரு. உடைக்கிறதுக்குத்தான், நல்ல மாதிரி பாத்துச் செய்வாரு" என்றான் பரமன். உடைக்கிறதுக்கு. என் முன்னால், ஓடிக்கொண்டிருக்கிற வண்டியின் முன்னால் சொல்கிறான். இருபத்தி நாலு.

நான் இறங்கவில்லை. இறங்கினால் முள்ளை யார் பார்ப்பது? "பரமா, இங்க வா. இந்தப் பக்கம் ஏறி உக்காரு" என்றேன்.

"எதுக்கு மதினி?"

"முள்ளைப் பாக்க. உனக்குத்தான இந்த வண்டி மேல அக்கறை."

அவன் சிரித்தான், ஏறவில்லை. "இன்னைக்கு ஓடும். நாளைக்கு நடுமலையில நின்னா? பதினோரு உசுரு மதினி."

"எத்தனை உசுருன்னு எனக்குத் தெரியும். ஒவ்வொருத்தி பேரும் தெரியும். உன் வண்டியில எத்தனை பேருன்னு உனக்குத் தெரியுமா? எண்ணியிருக்கியா என்னைக்காவது?"

இருபது. பதினெட்டு. என் குரல் உயர்ந்துவிட்டது, கொட்டகைத் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது, எனக்கே புதுசாக இருந்தது அது. பரமன் அண்ணனைப் பார்த்தான். என் வீட்டுக்காரர் அவனைப் பார்க்கவில்லை. எட்டு வருஷத்துக்குப் பிறகு வண்டிக்குப் பக்கத்தில் வந்திருந்தார், பானட்டின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துத் தலையைக் குனிந்து நின்றார், பாதத்துக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்திருக்கும். கையை எடுக்கவே இல்லை. ஏறி உட்கார்ந்தது அந்த வெள்ளைச் சட்டைக்காரர்தான். வியாபாரி, வண்டி தெரிந்த ஆள், முள்ளைப் பார்த்தார், என் கால் பெடலில் இல்லை என்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டார், மறுபடி முள்ளைப் பார்த்தார். பதினாறு. நின்றது. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம், கொட்டகையில் எஞ்சின் மட்டும் பேசிக்கொண்டிருந்தது, பதினாறு, பதினாறு, பதினாறு. என் முதுகில் ரவிக்கை ஒட்டிக்கொண்டு கிடந்தது. "அழுத்துங்கம்மா" என்றார். அழுத்தினேன், நாற்பத்தி ரெண்டு. விட்டேன், பதினாறு. அவர் இறங்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பரமனிடம், "இதை எதுக்குய்யா உடைக்கிறதுக்குக் கூப்பிட்ட?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் பைக்கை உதைத்தார். பரமனுக்குக் காது சிவந்தது. "எத்தனை நாளைக்குன்னு பாக்குறேன்" என்றான், என்னிடமா அண்ணனிடமா வண்டியிடமா தெரியவில்லை. "பாரு" என்றேன் நான். "தெனமும் காலையில அஞ்சு மணிக்கு வந்து பாரு."

"பேரிங்ல தேய்மானம் இருக்குத்தாங்க்கா" என்று சாகுல் மெதுவாகச் சொன்னான், பரமன் போன பிறகு. "புது எஞ்சினுக்கு இருபத்தஞ்சு நிக்கும். பதினாறுங்கிறது ஓடும், ஆனா ரொம்ப வருஷம் ஓடாது." எனக்குத் தெரியும். அவனாகச் சொன்னதற்காக அவனை எனக்குப் பிடித்தது. ஒரு வருஷம் ஓடினாலும் ஒரு வருஷம் என்னுடையது. குழாயைக் கழற்ற வந்தான், கையைத் தட்டிவிட்டேன். "அது என் மீட்டருங்கக்கா" என்றான். "தெரியும். நீ வேற வாங்கிக்க" என்றேன். போன் அடித்தது. காமுத்தாயக்கா. பரமனின் ஆள் வீடு வீடாக வந்து நாளைக்குப் பரமன் வண்டிதான் என்று சொல்லிவிட்டுப் போனானாம், ஒச்சம்மா வண்டி உடைக்கப் போயிருச்சு என்றானாம், அவள் ஒரே மூச்சில் சொன்னாள், பின்னால் ரெண்டு மூணு பெண்கள் குரல், எல்லாரும் அவள் வாசலில்தான் நிற்கிறார்கள் போல. "நாளைக்கு வண்டி உண்டா இல்லியா, அதைச் சொல்லு."

"உண்டு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. எந்த வளைவில் நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"பயமில்லையே ஒச்சம்மா?"

"பயமாத்தான்க்கா இருந்துச்சு. நாலு நாளாச் சோறு எறங்கல. அதான் உக்காந்து பாத்துட்டேன்" என்றேன். "எல்லார்கிட்டயும் சொல்லிரு, அஞ்சு மணி. லேட்டா வந்தா நிக்க மாட்டேன்."